பாட்டி தைத்துக் கட்டிய தொடர்கதைப் பக்கங்களை ஆய்வுச் சான்றாகக் காட்டலாமா?

தாளடி எழுதியது:

வணக்கம். வை.மு.கோதைநாயகி அம்மாளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பகுதிநேரம், இரண்டாம் ஆண்டு; பகலில் பள்ளியில் ஆசிரியர் வேலை. நான் இதுவரை படித்த ஆய்வேடுகளில் முதல் இயல் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. 1901-ல் பிறந்தார், ஐந்தரை வயதில் பார்த்தசாரதிக்கு மணம் செய்து வைத்தார்கள், பள்ளிக்கூடம் போகவில்லை, 1925-ல் ஜகன்மோகினி பத்திரிகையை விலைக்கு வாங்கி 35 ஆண்டு நடத்தினார், 115 நாவல்கள், 1960-ல் மறைவு. அதன் பிறகு கதைச்சுருக்கம், அப்புறம் பெண்ணியப் பார்வை. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

சென்ற பொங்கலுக்கு மன்னார்குடி வீட்டுப் பரணை ஒழித்தோம். ஒரு தகரப் பெட்டியில் அப்பாவைப் பெற்ற பாட்டி கட்டி வைத்திருந்த தொகுப்பு கிடைத்தது. பத்திரிகையில் வந்த தொடர்கதையை மாதாமாதம் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, பழைய பாவாடைத் துணி ஒட்டி அட்டை போட்டிருக்கிறார். சுமார் 200 பக்கம். முன்பக்கங்கள் உதிர்ந்துவிட்டதால் கதையின் பெயரும் தேதியும் தெரியவில்லை. "இது வை.மு.கோ. கதைதான், ஜகன்மோகினியில் வந்தது" என்று அத்தை உறுதியாகச் சொல்கிறார்.

என்னைப் பிடித்து நிறுத்தியது ஓரங்களில் பாட்டி பென்சிலால் எழுதியிருப்பவை. கதையில் ஒரு விதவைப் பெண் புகுந்த வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். அந்தப் பக்கத்தில் "போகட்டும்" என்று ஒரே ஒரு சொல். இன்னொரு பக்கத்தில் முழுக்கப் பால் கணக்கு. நெறியாளரிடம் காட்டினேன். "வீட்டு ஞாபகப் பொருள், ஆய்வுக்கு ஆகாது" என்றார். அது சரிதானா? இதைச் சான்றாகக் காட்ட வழி உண்டா? தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழம்பதிப்பு எழுதியது:

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தம்பி. தையலைப் பிரிக்காதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். டேப்பின் பசை சில வருடத்தில் தாளைப் பழுப்பாக்கி எழுத்தையும் தின்றுவிடும். என்னிடம் இருந்த ஒரு நாடகப் பிரதி அப்படித்தான் போயிற்று. ஒவ்வொரு பக்கத்தையும், பால் கணக்குப் பக்கம் உட்பட, பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேதிக்கு, "தொடரும்" என்று முடிகிற தாள்களைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் வேறு ஏதாவது அச்சாகியிருக்கும்: தைல விளம்பரம், சந்தா அறிவிப்பு, தீபாவளி வாழ்த்து, விலை. யுத்தக் காலத்தில் காகிதக் கட்டுப்பாடு இருந்தது. நடுவில் சில மாதத் தாள் மட்டும் மட்டமாக இருந்தால் அதுவும் ஒரு குறிப்புதான்.

திருவல்லிக்கேணி அக்கா எழுதியது:

தம்பி, நான் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

தாராளமாகக் காட்டலாம். ஆனால் எதற்குச் சான்று என்பதில் தெளிவாக இருங்கள். அத்தையின் வார்த்தையை மட்டும் வைத்து இதை வை.மு.கோ. எழுதியது என்று போட்டுவிடாதீர்கள். ஜகன்மோகினியில் வேறு பெண்களும் எழுதினார்கள், வீடுகளில் அந்த இதழில் வந்ததையெல்லாம் "வை.மு.கோ. கதை" என்றே சொல்வது வழக்கம். என் பெரியம்மாவே அப்படித்தான் சொல்வார். கதையின் பாத்திரப் பெயர்கள் பத்தைக் குறித்துக்கொண்டு தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போய், இருக்கிற ஜகன்மோகினி இதழ்களைப் புரட்டுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் தேடுங்கள். தேடும்போது 'வை', 'கோ' இரண்டிலும் தேட வேண்டும். நூலகத்தின் ஆங்கிலப் பட்டியல் அட்டைகளில் 'கோதை' என்பதை இரண்டு மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். ஒரு பெயரில் கிடைக்காத புத்தகம் இன்னொரு பெயரில் அடுத்த டிராயரிலேயே இருந்திருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு, நம்மில் பலர் அதைத் தொடுவதே இல்லை. 1867-ம் ஆண்டு அச்சகச் சட்டப்படி சென்னை மாகாணத்தில் அச்சான புத்தகங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு பட்டியல் போட்டது. நூல் பெயர், எழுதியவர், அச்சகம், பக்கம், விலை, எத்தனை பிரதி அச்சடித்தார்கள் என்பது வரை அதில் இருக்கும். தொடர்கதை பிற்பாடு புத்தகமாக வந்திருந்தால் அங்கே பிடிக்கலாம். 115 என்ற எண்ணை நாம் எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறோம். நானும் என் ஆய்வேட்டில் எழுதினேன், எண்ணிப் பார்க்கவில்லை. நீங்கள் எண்ணுங்கள். எந்த நாவல் எந்த ஆண்டு, எந்த அச்சகம், எத்தனை பிரதி என்று ஒரு அட்டவணை போட்டால் அதுவே ஒரு இயல், உங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்குப் பெரிய உதவி.

அப்புறம், முதல் இயல் ஒரே மாதிரி இருக்கிறது என்றீர்களே, அதில் எல்லோரும் ஒரு வரியில் தாண்டிப் போகிற ஒரு பெண் இருக்கிறார். கோதைநாயகி அம்மாளுக்கு அப்போது எழுதத் தெரியாது. 1924-ல் வந்த 'இந்திர மோஹனா' நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தவர் தோழி பட்டம்மாள். ஒரு பெண் சொல்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருத்தி எழுதுகிறாள். அடுத்த ஆண்டு அதே அம்மாள் ஒரு பத்திரிகையை வாங்கி நடத்தத் தொடங்கி, 'வைதேகி'யைத் தொடராக எழுதுகிறார். இந்த ஒரு வருடத்தில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் விரிவாகக் கேட்கவில்லை. பெண் எழுத்தாளர் ஒருவரின் வாழ்க்கை என்றால் எழுதிக்கொடுத்தவள், அச்சுக்கோத்தவர், படித்தவள் எல்லோரும் அதற்குள் வருவார்கள். உங்கள் பாட்டி இதில் படித்தவள். துணி ஒட்டிக் கட்டும் அளவுக்குப் படித்தவள்.

முன்மாதிரி கேட்பார்கள். எழுத்தாளர் அம்பை, அதாவது சி.எஸ்.லக்ஷ்மி, தோழிகளுடன் 1988-ல் மும்பையில் தொடங்கிய ஸ்பாரோ ஆவணக் காப்பகத்தைச் சொல்லுங்கள். பெண்களின் வாய்மொழி வரலாறு, புகைப்படம், கடிதம், நாட்குறிப்பு எல்லாம் அங்கே ஆவணம்தான். நெறியாளரிடம் சண்டை வேண்டாம். "பின்னிணைப்பாக வைக்கிறேன் ஐயா" என்று தொடங்குங்கள்.

தூக்கம் வராத காரணம் இதுதான். 1987-ல் ஆய்வுக்காகத் திருவல்லிக்கேணியில் ஒரு மூதாட்டியைப் பார்த்தேன். ஜகன்மோகினி சந்தாதாரர். மறியல் செய்து கோதைநாயகி அம்மாள் சிறைக்குப் போன நாட்களை நினைவு வைத்திருந்தார். இரண்டு மணி நேரம் பேசினார். நான் நோட்டில் எழுதியது நான்கு வரி, நான்கும் ஆண்டுக் கணக்கு. அடுத்த மாதம் வரும் இதழுக்காக அவர் எப்படிக் காத்திருந்தார், யாருக்கு வாசித்துக் காட்டினார், மாமியார் என்ன சொன்னார் என்று நிறையச் சொன்னார். அதெல்லாம் ஆய்வுக்கு வேண்டாதது என்று நினைத்து விட்டுவிட்டேன். இன்று எனக்கு அந்த ஆண்டுகள் வேண்டாம், விட்ட பேச்சுதான் வேண்டும். அந்த அம்மா இப்போது இல்லை. உங்கள் அத்தை இருக்கிறார். இந்த வாரமே போய் உட்காருங்கள், போனில் பதிவு செய்யுங்கள்.

கரிசல்மண் எழுதியது:

அக்கா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு எச்சரிக்கை மட்டும். ஒரு பாட்டியின் "போகட்டும்" என்ற சொல்லை வைத்து "அக்காலப் பெண் வாசகர்கள் மறுமலர்ச்சியை ஆதரித்தனர்" என்று எழுதிவிடாதீர்கள். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுதான் வரும். பாட்டி கோபத்தில்கூட அப்படி எழுதியிருக்கலாம், "தொலையட்டும்" என்ற பொருளில். இரண்டு வாசிப்பையும் வைத்து எழுதுங்கள்.

பக்கங்களின் புகைப்படம் போடப் பதிப்புரிமை பற்றிக் கவலைப்பட வேண்டாம். கோதைநாயகி அம்மாள் எழுதியது என்று உறுதியானால், 1960-ல் மறைந்தவர் என்பதால், எழுதியவர் மறைந்த பின் 60 ஆண்டு என்ற கணக்கு 2020-ஓடு முடிந்துவிட்டது. வேறொருவர் எழுதியது என்றால் அவர் காலத்தைப் பாருங்கள்.

தாளடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் சொன்ன மறுநாளே மன்னார்குடி போனேன். "போகட்டும்" பற்றிக் கேட்டபோது அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பாட்டியின் தங்கை ஒருவர் 19 வயதில் தாலி இழந்து கடைசி வரை கொல்லைப்புற அறையிலேயே இருந்தார் என்றார். எங்கள் தலைமுறையில் ஒருவருக்கும் தெரியாத விஷயம். கரிசல்மண் சொன்னபடி இதையும் அத்தையின் கூற்றாக மட்டுமே எழுதுவேன்.

நான் தள்ளி வைத்திருந்த பால் கணக்கும் உதவியது. அதைப் பார்த்ததும் அத்தை, "வீட்டுப் பசு போன பிறகுதானே வெளியில் பால் வாங்கினோம், அது உங்கப்பா பிறந்த வருஷம்" என்றார். அப்பா பிறந்தது 1951. கதை அதற்கு முன்பே வந்திருக்கலாம், ஆனால் 1951-ல் அந்தப் புத்தகம் பாட்டியின் கைக்கெட்டும் இடத்தில் இருந்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமை விடுப்பு போட்டிருக்கிறேன். பாத்திரப் பெயர்கள் பதினொன்றைக் குறித்துக்கொண்டு தரமணிக்குக் கிளம்புகிறேன்.