புதுப்பிப்பு: ஒரிமல்ஷன், எண்ணெயும் தண்ணீரும்

வெனிசுவேலாவின் ஒரினோகோ பகுதித் தார் போன்ற கனஎண்ணெயைத் தண்ணீரில் கலந்து ஓடவிட்ட 'ஒரிமல்ஷன்' என்ற எரிபொருள் பற்றி முன்பு எழுதியிருந்தேன். எண்ணெயும் தண்ணீரும் எப்படி ஒட்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஒட்டுவதே இல்லை! சுமார் 70 சதவீத பிட்டுமன் (அந்தத் தார் போன்ற கனஎண்ணெய்தான்) நுண்துளிகளாகி, 30 சதவீதத் தண்ணீருக்குள் நிற்கிறது. சோப்பு மாதிரியான ரசாயனம் துளிகளைச் சூழ்ந்து, ஒன்றோடொன்று சேரவிடாமல் தடுக்கிறது. குழாய்ச் சுவரைத் தொடுவது பெரும்பாலும் தண்ணீர்தான். அதனால் ஓட்டம் சுலபம். ரசாயனம் ஒரு சதவீதம்கூடத் தேவைப்படாது.

அந்த ரசாயனமாக முதலில் சேர்த்தது நோனைல்ஃபீனால் வகை. நீர்வாழ் உயிர்களின் ஹார்மோனைக் குழப்பும் என்ற கவலையால் 1990களின் இறுதியில் ஆல்கஹால் எத்தாக்ஸிலேட் என்ற வேறொரு ரசாயனத்துக்குத் தயாரிப்பாளர்கள் மாறினார்கள். நல்ல மாற்றம்தான். அப்புறம், அதே பிட்டுமனை வேறு வழியில் விற்றால் லாபம் அதிகம் என்று 2000களில் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள்.