வீட்டில் பிபி 152, சுகாதார நிலையத்தில் 128: எந்த எண்ணை நம்புவது?

மலையடிவாரம்:
மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களாகப் போகிறவர்களுக்காக இந்தக் கேள்வி. ஒரே நோயாளி, ஒரே நாள். காலை 7 மணிக்கு வீட்டில் 152/94. 11 மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 128/82. இரண்டுமே தானியங்கிக் கருவி, பேட்டரியும் புதுசு. சுகரிலும் இதே கதைதான்: விரலில் குத்திப் பார்த்தால் 214, லேபில் 178. வீட்டில் எடுத்ததை நம்பி மாத்திரையைக் கூட்டச் சொல்லலாமா, இல்லை வீட்டு அளவே தப்பா? எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

ஸ்டாஃப்நர்ஸ்_12:
முதலில் நேரத்தைப் பாருங்கள். 7 மணிக்கு அவர் மாத்திரை போட்டிருக்க மாட்டார். 11 மணிக்குள் போட்டிருப்பார். அப்படியென்றால் இரண்டு எண்ணும் சரியாகவே இருக்கலாம். பதிவேட்டில் எண்ணோடு மணியையும், "மாத்திரைக்கு முன்" அல்லது "பின்" என்பதையும் எழுதாவிட்டால் டாக்டருக்கு அந்த எண்ணால் பயனில்லை.

அடுத்தது உட்காரும் விதம். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். நாம் போனதும் அந்த அம்மா அடுப்படியிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்து கட்டில் விளிம்பில் உட்காருவார். முதுகுக்குச் சாய்மானம் கிடையாது, கால் தொங்கும், கை மடியில் கிடக்கும், கஃப் (கையில் சுற்றும் காற்றுப் பட்டை) ஜாக்கெட் கை மேலேயே ஏறும், வாய் மகன் வீட்டுச் சங்கதி பேசிக்கொண்டிருக்கும். இத்தனையும் அளவை ஏற்றும். கை இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தாலே 7, 8 புள்ளி கூடும். பேச்சுக்கு இன்னும் ஒரு 10 வரை கூடலாம். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் ஏறும்.

வீட்டில் நாற்காலி இல்லையென்றால் திண்ணையில் சுவரோடு சாய்த்து உட்கார வையுங்கள். பாதம் இரண்டும் தரையில் படியட்டும், கால் மேல் கால் வேண்டாம். கைக்குக் கீழே இரண்டு தலையணையை அடுக்கினால் கஃப் நெஞ்சு மட்டத்துக்கு வந்துவிடும். டீ, காபி, பீடி, வெற்றிலை-புகையிலை எதுவானாலும் அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். நூறு நாள் வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பினார் என்றாலும் அதே அரை மணி. பிறகு 5 நிமிடம் பேச்சில்லாமல் ஓய்வு. அந்த 5 நிமிடத்தில் பதிவேட்டில் பெயர், தேதி எழுதி முடித்துவிடலாம்.

கஃப் வெறும் தோலில், முழங்கை மடிப்புக்கு 2-3 செ.மீ. மேலே. உள்ளே இரண்டு விரல் நுழைகிற இறுக்கம் போதும். கஃப் அளவையும் பாருங்கள். சாதாரண கஃப் மேற்கைச் சுற்றளவு 22 முதல் 32 செ.மீ. வரைக்குத்தான். பருமனான கையில் அதைச் சுற்றினால் இல்லாத பிபியைக் காட்டும். பையில் ஒரு தையல் டேப் வைத்துக்கொண்டு முதல் தடவை மட்டும் அளந்து குறித்துவிடுங்கள்.

ஒரே தடவை எடுத்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது எடுத்து, இரண்டையும் எழுதுங்கள். கருவி 143 காட்டினால் 143 என்றே எழுத வேண்டும், 140 ஆக்கக் கூடாது. முதல் சந்திப்பில் இரண்டு கையிலும் பார்த்து, எந்தக் கையில் கூடுதலோ அந்தக் கையிலேயே அடுத்தடுத்த மாதமும் எடுங்கள்.

180/110-க்கு மேல் வந்தால் 5 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், கைகால் தளர்வு, பார்வை மங்கல் இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், உடனே 108.

லேப்_நண்பர்:
சுகருக்கு நான் சொல்கிறேன். விரல் ரத்தத்தில் சுகர் பார்க்கும் குளுக்கோமீட்டருக்கான தர விதியே, அளவு 100-க்கு மேல் இருந்தால் 15 சதவீதம் வரை வித்தியாசத்தை அனுமதிக்கிறது. சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் சர்க்கரை லேபில் எடுக்கும் சிரை ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும். லேப் பக்கமும் தவறலாம். சர்க்கரை குறையாமல் காக்கும் மருந்துள்ள சாம்பல் மூடிக் குழாயில் எடுக்காமல் வேறு குழாயில் எடுத்து மணிக்கணக்கில் வைத்திருந்தால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் இறங்கும். ஆக, 214-க்கும் 178-க்கும் நடுவில் பாதி வித்தியாசத்துக்கு யார் மேலும் குற்றமில்லை.

மீதிக்கு ஸ்ட்ரிப் பாட்டிலைப் பாருங்கள். மூடியைத் திறந்து போட்டுவிட்டு நிதானமாக விரலைத் துடைக்கிற பழக்கம் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும், ஈரக்காற்று ஆகாது. ஒன்றை எடுத்ததும் மூடுங்கள். நாலு பேர் பங்கிட்டுக்கொள்ள ஸ்ட்ரிப்பை பிளாஸ்டிக் கவரில் பிரித்துப் போடவே கூடாது. ஈரம் உறிஞ்சும் பொருள் அந்தப் பாட்டிலில்தான் இருக்கிறது. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலும் வேண்டாம், சித்திரை வெயிலில் அங்கே அடுப்புச் சூடு. திறந்த தேதியை பாட்டில் மேலேயே பேனாவில் எழுதுங்கள், பல கம்பெனி ஸ்ட்ரிப்புக்குத் திறந்த பின் 3 மாதம்தான் ஆயுள்.

கையை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே குத்த வேண்டும். வாழைப்பழம் உரித்த விரலில் 300 கூடக் காட்டும். ஸ்பிரிட் தடவினால் காயும்வரை பொறுங்கள். நடு விரல் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில் குத்துங்கள், நுனியில் வலி அதிகம். ரத்தம் வரவில்லையென்று விரலைப் பிழிந்தால் திசு நீர் கலந்து அளவு மாறும். கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையிலிருந்து மெதுவாக நீவிவிடுங்கள். ரத்தசோகை இருப்பவர்களுக்கு மீட்டர் கூடுதலாகக் காட்டும், அதையும் குறித்து அனுப்புங்கள்.

ஒருவருக்குக் குத்திய ஊசி அடுத்தவருக்கு எந்தக் காரணத்துக்கும் கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமி பரவ அது ஒன்றே போதும். குத்திய கையோடு துளையாத வெள்ளை டப்பாவில் போடுங்கள்.

மருந்தாளுநர்_தெற்கு:
மாத்திரையைக் கூட்டுவதா என்பது டாக்டர் முடிவு. ஆனால் அவர் முடிவெடுக்கத் தேவையான தகவல் அந்த வீட்டு மாத்திரை டப்பாவில் இருக்கிறது. "ஒழுங்காப் போடுறீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். "போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். பிறகு டப்பாவை ஒரு தட்டில் கொட்டி எண்ணுங்கள். 5-ந் தேதியிலிருந்து தினம் ஒன்றாக 30 கொடுத்திருந்தால், 25-ந் தேதி காலை போடுவதற்கு முன் 10 இருக்க வேண்டும். 17 இருந்தால் 7 நாள் விட்டிருக்கிறார். 4 இருந்தால் கூடுதலாகப் போடுகிறார், அல்லது வீட்டில் இன்னொருவரும் அதையே போடுகிறார்.

தனியார் டாக்டர் எழுதிய மாத்திரை அட்டையும் அந்தத் தட்டில் விழும். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். கம்பெனிப் பெயர் வேறாக இருக்கும், இரண்டிலும் பிபி மருந்தான அம்லோடிபின் 5 மி.கி. என்று இருக்கும். அப்படியென்றால் ஒரே மருந்து இரண்டு மடங்கு போகிறது. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோஃபினாக் கிடந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அது பிபியை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கால் வீங்குகிறது என்று அம்லோடிபினையும், வறட்டு இருமல் என்று இன்னொரு பிபி மருந்தான எனலாப்ரிலையும் தாங்களாகவே நிறுத்துகிறவர்கள் நிறைய. அந்தத் தொல்லை உண்மையானது, மாற்று மருந்தும் உண்டு. அதட்டினால் அடுத்த மாதம் மறைத்துவிடுவார்கள்.

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரைகளைப் போடும் முதியவர் சாப்பாட்டைத் தவிர்த்தால் சுகர் தடாலென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், உளறல் இருந்து மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108 தான்.

மலையடிவாரம்:
மிக்க நன்றி. ஒரு பக்கம் வாதம் வந்து படுக்கையில் இருப்பவருக்கு எந்தக் கையில் எடுப்பது?

ஸ்டாஃப்நர்ஸ்_12:
வாதம் வராத கையில். படுத்தபடியே, கைக்கு அடியில் மடித்த துண்டு வைத்து எடுங்கள், "படுத்து" என்று எழுதுங்கள். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய்களை இணைக்கும் ஆபரேஷன்) போட்ட கையில் கஃப் சுற்றவே கூடாது. மார்பகப் புற்றுநோய்க்கு அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்தையும் தவிருங்கள்.

எழுந்து நடக்கிற முதியவர் தலைசுற்றல் என்று சொன்னால், 5 நிமிடம் படுக்கவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் ஒவ்வொரு தடவை பாருங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ இறங்கினால், மாத்திரையைக் கூட்டுகிற பேச்சுக்கு முன்னால் அது டாக்டருக்குத் தெரிய வேண்டும்.