சிங்கப்பூரில் இறங்கிய அன்றைக்கே கப்பல் ஏறலாமா? செக்-இன், பெட்டி, பேப்பர் விவரம் தேவை

பெரம்பூர்வாசி:
வணக்கம். டிசம்பரில் அப்பா, அம்மா, மனைவி, பத்து வயதுப் பையனோடு ஐந்து பேராக சிங்கப்பூரில் கப்பல் ஏறுகிறோம். நான்கு இரவு. பினாங்கு, புக்கெட் போய்விட்டு மறுபடி சிங்கப்பூர். கப்பல் 16-ம் தேதி மாலை 4.30-க்குக் கிளம்புகிறது, இடம் மெரினா பே க்ரூஸ் சென்டர். 15-ம் தேதி இரவு சென்னையில் விமானம் ஏறினால் 16 காலை 6 மணிக்கு சாங்கி விமான நிலையத்தில் இறங்கலாம், ஒரு நாள் ஹோட்டல் வாடகை மிச்சம். இது சரிவருமா? அப்பா பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி. அம்மாவுக்கு முட்டி வலி, வீல்சேர் வேண்டும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி கொண்டுபோக விடுவார்களா? வேறு என்னென்ன கவனிக்க வேண்டும்?

ராயபுரம் மாலுமி:
கணக்குப்படி போதும். காலை 6-க்கு இறங்கினா இமிகிரேஷன், பெட்டி எல்லாம் முடிச்சு எட்டு மணிக்கு வெளியே வந்துடலாம். ஆனா நீங்க பார்க்க வேண்டிய நேரம் 4.30 இல்ல. கப்பல் கிளம்புறதுக்கு 60 முதல் 90 நிமிஷம் முன்னாடியே செக்-இன் மூடிடுவாங்க. ஏறினவங்க பட்டியலை முடிச்சு துறைமுகத்துலயும் இமிகிரேஷன்லயும் கொடுத்தாதான் கப்பல் நகர முடியும். அதனால உங்க கடைசி நேரம் 3 மணின்னு வெச்சுக்குங்க.

அந்த ஒரே விமானம் ரத்தானா என்ன ஆகும்னு யோசிங்க. நீங்க போறது டிசம்பர். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப ஓடுபாதையில தண்ணி நின்னு சென்னை விமான நிலையத்தையே மூடினாங்க. 2024 நவம்பர் 30 அன்னிக்கு ஃபெஞ்சல் வந்தப்பவும் மூடினாங்க. வடகிழக்குப் பருவமழை நடக்குற மாசத்துல, சிங்கப்பூர்ல இறங்குற அன்னிக்கே கப்பல்னு திட்டம் போடாதீங்க. தனியா எடுத்த விமான டிக்கெட்டுக்காக கப்பல் காத்திருக்காது, காசும் திரும்ப வராது. பினாங்குல போய் ஏறிக்கலாம்னு சிலர் சொல்லுவாங்க. அதுக்குக் கப்பல் கம்பெனி அனுமதி தரணும், அஞ்சு பேருக்குப் புது விமான டிக்கெட் எடுக்கணும். ஒரு ராத்திரி ஹோட்டல் வாடகையை அதோட ஒப்பிட்டுப் பாருங்க.

அதனால 14 ராத்திரி கிளம்பி 15 காலையில இறங்குங்க. வயசானவங்க தூங்காம வந்து அப்படியே கப்பல் வரிசையில நிக்க வேண்டாம், அதுக்காகவும் சொல்றேன். இன்னொண்ணு, சிங்கப்பூர் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டித்தான் கிளம்பும். டிக்கெட்ல 15-ம் தேதி 00.20-னு இருந்தா 14-ம் தேதி ராத்திரி 9 மணிக்கே மீனம்பாக்கத்துல இருக்கணும். இந்தத் தேதியைத் தப்பாப் படிச்சு விமானத்தை விடுறவங்க நிறைய. சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால போகும், அதையும் கணக்குல வெச்சுக்குங்க.

பயணக் காப்பீடு எடுக்கும்போது க்ரூஸ் பயணத்துக்குப் பொருந்துமான்னு கேட்டு எடுங்க. கப்பல்ல இருக்குற மருத்துவர் கட்டணம் டாலர்ல வரும். அப்பா அம்மாவுக்கு ஏற்கெனவே இருக்குற நோய்களை மறைக்காம எழுதுங்க, மறைச்சா க்ளெய்ம் நிக்காது.

விசா விஜயம்:
காகித விஷயம் நான் சொல்கிறேன். விமானக் கம்பெனியும் கப்பல் கம்பெனியும் ஒருவர் விவரத்தை மற்றவர் பார்ப்பதில்லை. அதனால் பெயர், வீல்சேர், உணவு எதுவானாலும் இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

முதலில் அப்பா பெயர். நம் ஊரில் இது நிறையப் பேருக்கு உண்டு, பயப்பட வேண்டாம். கப்பல் கம்பெனியின் இணையதளத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் நிரப்பாமல் நகராது. ஒற்றைப் பெயர் என்றால் சில கம்பெனிகள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள், சில வேறு குறியீடு சொல்வார்கள். நீங்களாக ஊகித்துப் போடாமல் முன்பதிவு செய்த ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இனிஷியல் போட்டு முன்பதிவு செய்திருந்தால் உடனே திருத்துங்கள். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாக விரிந்திருக்கும், டிக்கெட்டில் ஒற்றை எழுத்து இருந்தால் கவுன்டரில் நிறுத்துவார்கள். பயணிகள் பட்டியல் முடிந்த பிறகு திருத்துவது கஷ்டம்.

பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். அதைக் கிளம்பும் நாளிலிருந்து எண்ணாமல் பயணம் முடியும் நாளிலிருந்து எண்ணுங்கள். சிங்கப்பூர் விசா வந்ததும் அதில் மல்டிபிள் ஜர்னி என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாங்கியில் இறங்கும்போது ஒரு நுழைவு, கப்பலிலிருந்து திரும்பி இறங்கும்போது இன்னொரு நுழைவு. நேராக விமான நிலையம் போவதாக இருந்தாலும் அது நுழைவுதான். ஒற்றை நுழைவு விசாவோடு போனால் க்ரூஸ் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பலாம்.

சிங்கப்பூருக்குள் நுழையும் முன் ஆன்லைனில் நிரப்பும் எஸ்ஜி அரைவல் கார்டும் அதே காரணத்தால் இரண்டு முறை. வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். 15-ம் தேதி இறங்கினால் 13 முதல் நிரப்பலாம். 20-ம் தேதி கப்பல் திரும்புகிறது, அதற்கு 18 முதல்தான் திறக்கும். அப்போது நீங்கள் கப்பலில் இருப்பீர்கள். புக்கெட்டில் கரை இறங்கும் நாள் 18 ஆக இருந்தால் அங்கே ரோமிங்கில் ஐந்து பேருக்கும் நிரப்பி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், இல்லையென்றால் கப்பல் வைஃபைக்குப் பணம் கட்ட நேரிடும். இரண்டாவது முறை பயண வழி கடல் என்று தேர்ந்து கப்பல் பெயரைப் போட வேண்டும். இது முழுக்க இலவசம். கட்டணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் கிடையாது, மூடிவிடுங்கள்.

மலேசியாவுக்கு 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போக முடிந்தது. ஆனால் இது காலக்கெடு போட்டுத் தந்து நீட்டித்து வரும் சலுகை, தாய்லாந்து விதியும் மாறிக்கொண்டே இருப்பது. பயணத் தேதிக்கு எது பொருந்தும் என்று கிளம்பும் மாதத்தில் தூதரகத் தளத்தில் பாருங்கள். மலேசியாவின் டிஜிட்டல் அரைவல் கார்டு, 2025 மே 1 முதல் வந்த தாய்லாந்து டிஜிட்டல் கார்டு இரண்டையும் க்ரூஸ் பயணிகள் தாங்களே நிரப்ப வேண்டுமா, கப்பல் பார்த்துக்கொள்கிறதா என்பது கம்பெனி அனுப்பும் மெயிலில் இருக்கும். அந்த மெயில் பெரும்பாலும் ஸ்பேம் பெட்டிக்குள் கிடக்கும். கப்பலை விட்டு இறங்காமலே இருந்தாலும் வழியில் உள்ள நாடுகளின் விசா விதி உங்களுக்குப் பொருந்தும், இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

எல்லாவற்றையும் போனில் வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு செட் பிரின்ட் எடுங்கள்: பாஸ்போர்ட் நகல், இ-விசா, கப்பல் போர்டிங் பாஸ், திரும்பும் விமான டிக்கெட். சென்னை கவுன்டரில் திரும்பும் டிக்கெட்டைக் கேட்பார்கள்.

பெரம்பூர்வாசி:
ரொம்ப நன்றி. 14 இரவு விமானத்துக்கு மாற்றிவிடுகிறேன். லிட்டில் இந்தியாவில் ஹோட்டல் பார்க்கிறேன், அப்பா அம்மாவுக்கு சாப்பாடு வசதி. அங்கிருந்து க்ரூஸ் சென்டருக்கு எம்ஆர்டி ரயிலில் போய்விடலாமா? பெட்டிகளுக்கு டேக் என்று ஏதோ வந்திருக்கிறதே?

அடையாறு அக்கா:
தம்பி, லிட்டில் இந்தியா நல்ல முடிவு. ஆனா அங்க இருந்துதான் இடக் குழப்பம் வரும். சிங்கப்பூர்ல பயணிகள் கப்பல் முனையம் ரெண்டு. ஒண்ணு உங்க மெரினா பே க்ரூஸ் சென்டர். இன்னொண்ணு ஹார்பர்ஃபிரன்ட்ல இருக்குற சிங்கப்பூர் க்ரூஸ் சென்டர். லிட்டில் இந்தியா ஸ்டேஷன்ல ஊதா லைன் ரயில்ல ஏறினா நேரா ஹார்பர்ஃபிரன்ட்லதான் போய் நிக்கும், பேரைப் பார்த்து இதுதான்னு இறங்கிடுவாங்க. உங்களுக்கு அது இல்ல. தோபி காட்ல இறங்கி சிவப்பு லைனுக்கு மாறி, கடைசி ஸ்டேஷன் மெரினா சவுத் பியர் வரைக்கும் போகணும். அங்க இருந்து பத்து நிமிஷ நடை. சும்மா பார்க்கப் போறவங்களுக்கு இது சரி, முட்டி வலிக்குற அம்மாவோட அஞ்சு பேர் பெட்டியை இழுத்துக்கிட்டுப் போக வேண்டாம்.

சாதாரண டாக்சியில நாலு பேர்தான். பையனையும் ஒரு ஆளாத்தான் எண்ணுவாங்க. ஆறு சீட் வண்டி முன்கூட்டியே போடுங்க, டிரைவருக்கு முனையத்தோட முழுப் பேரைக் காட்டுங்க. பையன் 1.35 மீட்டருக்குக் குறைவா இருந்தா ஆப்ல வர்ற தனியார் வண்டியில பூஸ்டர் சீட் இல்லாம ஏத்த மாட்டாங்க. மீட்டர் டாக்சிக்கு அந்த விதி கிடையாது.

ஆன்லைன் செக்-இன் திறந்த அன்னிக்கே முடிச்சிடுங்க. பெரிய கம்பெனி சிலதுல 45 நாள் முன்னாடி திறக்கும். பாஸ்போர்ட் படம், முகப் படம், கார்டு விவரம் ஏத்தினா முனையத்துக்கு வர வேண்டிய நேரத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், 12 மணி வாக்கில நல்ல நேரம் முதல்ல தீர்ந்துடும். அந்த நேரத்துக்கு ரொம்ப முன்னாடி போனாலும் உள்ள விட மாட்டாங்க.

டேக் அப்படிங்கறது நீங்களே பிரின்ட் எடுத்துப் பெட்டியில மாட்டுறது. கேபின் எண் அதுலதான் இருக்கும். நீளமா மடிச்சு, பெட்டிக் கைப்பிடியைச் சுத்தி, மூணு நாலு ஸ்டேப்ளர் பின் அடிங்க. செல்லோடேப் மட்டும் போட்டா ஈரத்துல உரிஞ்சு பெட்டி யாருதுன்னு தெரியாம நிக்கும். விமானத்துல போகும்போது மாட்டாதீங்க, கன்வேயர்ல பிஞ்சுடும். ஹோட்டல்ல காலையில மாட்டுங்க. ஸ்டேப்ளர் ஒண்ணு பெட்டிக்குள்ள போட்டுக்குங்க.

முனைய வாசல்ல பெட்டியைக் கொடுத்துட்டா சாயந்திரம் வரைக்கும் கையில கிடைக்காது, சில சமயம் ராத்திரி சாப்பாட்டு நேரமும் ஆகும். பாஸ்போர்ட், மாத்திரை, கண்ணாடி, சார்ஜர், பையனுக்கு ஒரு செட் துணி, நீச்சல் உடை எல்லாம் கைப்பையில. சர்க்கரை மாத்திரையைப் பெட்டியில போட்டுட்டுத் தவிக்காதீங்க. மருந்துக்குச் சீட்டு எடுத்துக்குங்க. கோடீன் கலந்த இருமல் மருந்து, சில தூக்க மாத்திரைகளுக்கு சிங்கப்பூர்ல முன் அனுமதி வேணும்.

பெட்டி ஸ்கேன்ல அயர்ன் பாக்ஸ், எலக்ட்ரிக் கெட்டில், ரைஸ் குக்கர், எக்ஸ்டென்ஷன் போர்டு, கத்தி தெரிஞ்சா பெட்டி கேபினுக்கு வராது. பாதுகாப்பு மேசையில போய் எடுக்கணும், அந்தப் பொருளைக் கடைசி நாள்தான் திருப்பித் தருவாங்க. தீ விபத்து பயம்தான் காரணம்.

வீட்டுப் புளிக்காய்ச்சலுக்குப் பெரும்பாலான கப்பல்ல அனுமதி இல்ல. ஊர்ல ஒருத்தர் சமைச்சதால வயித்துப்போக்கு வந்தா மூவாயிரம் பேருக்குப் பரவும்னு அவங்க கவலை. கம்பெனி பேக்கிங்ல சீல் பிரிக்காத பொடி, முறுக்கு, பிஸ்கட் பிரச்சினை இல்ல. குருமாப் பொடி மாதிரி எதுலயும் கசகசா இருக்கக் கூடாது. சிங்கப்பூர்ல அது தடை செஞ்ச பொருள், விமான நிலையத்துலயே மாட்டுவீங்க. சூயிங் கம், பான் பராக் வகை, இ-சிகரெட்டும் அப்படித்தான்.

சைவச் சாப்பாட்டை முன்பதிவுலயே பதிஞ்சிடுங்க, வெங்காயம் பூண்டு வேண்டாம்னா ஜெயின்னு போடணும். முதல் ராத்திரி சாப்பாட்டுக் கூடத்துல தலைமைச் சர்வரைப் பார்த்து அடுத்த நாளுக்கு வேணுங்கறதைச் சொல்லிட்டா தனியாச் செஞ்சு தருவாங்க. மீன் சாஸ் சைவம்னு நினைச்சுப் போடுறது உண்டு, அதைக் குறிப்பாச் சொல்லுங்க.

அம்மா வீல்சேருக்கு விமானக் கம்பெனியில 48 மணி நேரம் முன்னாடி பதியணும். கப்பல் கம்பெனியில தனியாப் பதியணும். முனையத்துல கிடைக்குற வீல்சேர் கப்பல் வாசல் வரைக்கும்தான். பினாங்கு, புக்கெட்ல இறங்கணும்னா சொந்தமா மடக்கு வீல்சேர் கொண்டுபோங்க, விமானத்துல அதுக்குக் கட்டணம் இல்ல. சில துறைமுகத்துல கப்பல் நடுக்கடல்ல நின்னு சின்னப் படகுல இறக்குவாங்க. அந்த நாள் அம்மா கப்பல்லயே இருக்குறது நல்லது.

தி.நகர் கணக்கர்:
பணம் பற்றி ஒரு வார்த்தை. கப்பலுக்குள் எல்லாச் செலவும் ஆளுக்குத் தரும் கப்பல் அட்டையில் ஏறி, கடைசி நாள் கார்டில் கழியும், பெரும்பாலும் அமெரிக்க டாலரில். இந்திய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கலாம். வங்கி ஆப்பில் அதைத் திறந்து, வரம்பையும் உயர்த்திவிட்டுக் கிளம்புங்கள். டெபிட் கார்டு வேண்டாம். உத்தேசத் தொகையை முன்கூட்டியே பிடித்துவைப்பார்கள், அது திரும்ப வர நாளாகும். கிரெடிட் கார்டில் ரூபாயில் கட்டுகிறீர்களா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த மாற்று விகிதம் எப்போதும் மோசம். கப்பல் நகர்ந்ததும் போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். கடல்வழி செல் நெட்வொர்க் உங்கள் ரோமிங் பேக்கில் வராது, பில் ஆயிரக்கணக்கில் ஏறும்.

பெரம்பூர்வாசி:
கடைசியாக ஒன்று. 20-ம் தேதி காலை 7 மணிக்குக் கப்பல் வந்துவிடும் என்று போட்டிருக்கிறது. 10.15-க்கு சென்னை விமானம் விலை குறைவாக இருக்கிறது. எடுக்கலாமா?

ராயபுரம் மாலுமி:
வேண்டாம். 7 மணிக்குக் கப்பலைத் துறையில கட்டுறாங்க, அவ்வளவுதான். சோதனை முடிஞ்சு தளம் தளமா இறக்க 9.30 ஆகலாம், அதுக்கப்புறம் இமிகிரேஷன், பெட்டி, வண்டி. 10.15 விமானத்தோட செக்-இன் அதுக்குள்ள மூடியிருக்கும். மதியம் 1 மணிக்கு மேல எடுங்க, அம்மா வீல்சேர்ல வர்றதால 2 மணின்னா இன்னும் நிம்மதி.

ஏறின அன்னிக்கு ஒண்ணு செய்யணும், விடாதீங்க: ஆபத்துக்காலப் பயிற்சி. ஆப்ல வீடியோ பார்த்துட்டு, அட்டையில போட்டிருக்குற கூடும் இடத்துக்கு அஞ்சு பேரும் நேர்ல போய் அட்டையை ஸ்கேன் பண்ணணும். ஏறினதும் சாப்பிடப் போறதுக்கு முன்னாடி முடிச்சிட்டா கூட்டம் இருக்காது. கேபின் 1 மணிக்கு மேலதான் திறக்கும்.

கடைசி ராத்திரி பெட்டியை 11 மணிக்குள்ள கதவுக்கு வெளியே வைக்கச் சொல்லுவாங்க. காலையில போட வேண்டிய துணி, செருப்பு, பாஸ்போர்ட் எல்லாம் எடுத்து வெச்சுட்டு மூடுங்க. பாஸ்போர்ட்டைச் சில பயணத்துல கப்பலே வாங்கி வெச்சிருக்கும். அப்படின்னா எந்தத் தளத்துல எத்தனை மணிக்குத் திருப்பித் தர்றாங்கன்னு முந்தின நாள் கேபினுக்கு வர்ற காகிதத்துல இருக்கும்.