சுவடி அட்டவணையில் ‘அபூர்ணம்’: எப்படித் தமிழாக்குவது?

சுவடிக்கட்டு (கேள்வி):
கிரந்த எழுத்தில் உள்ள வடமொழிச் சுவடிகளின் பழைய கையெழுத்து அட்டவணை ஒன்றைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ‘நிலை’ என்ற கட்டத்தில் சிலவற்றுக்கு அபூர்ணம், சிலவற்றுக்கு அஸமாப்தம், சிலவற்றுக்கு த்ருடிதம் என்று இருக்கிறது. மூன்றையும் ‘முற்றுப்பெறாதது’ என்றே போட்டுவிடலாமா? அகராதியைத் திறந்தால் ஊனம், நியூனம், விகலம் என்று பட்டியல் நீள்கிறது.

பதச்சேதம்:
போடாதீர்கள். மூன்றும் மூன்று விதக் குறை.

பூர்ணம், பூரணம் இரண்டுமே ‘நிரப்பு’ என்ற பொருளுள்ள தாதுவிலிருந்து (வேர்ச்சொல்லிலிருந்து) வந்தவை. கொழுக்கட்டைக்குள் வைப்பதும் அந்தப் பூரணம்தான். ஆகவே அபூர்ணம் என்றால் நிரம்பாதது. இவ்வளவு இருக்க வேண்டும் என்று ஓர் அளவு உண்டு, அதில் ஒரு பகுதி இல்லை. அஸமாப்தத்தில் இருப்பது ‘ஆப்’, அதாவது எட்டுதல், அடைதல். முடிவை எட்டாமல் நின்ற செயல் அது. த்ருடிதம் என்றால் ஒடிந்தது, சிதைந்தது. பொருளுக்கு நேர்ந்த சேதத்தைச் சொல்கிறது.

அபூர்வத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ‘பூர்வம்’ (முன்பு) என்பதன் எதிர்மறை. குறையுள்ள சுவடி பெயர்ப்பில் ‘அரிய சுவடி’ ஆகிவிடும்!

ஏட்டெண்:
மேலே சொன்னதற்கு நல்ல உதாரணம் காதம்பரி என்ற வடமொழிக் கதைநூல். அதை எழுதிய பாணர் (பாணபட்டர்) முடிக்கவில்லை, பிற்பகுதியை எழுதியவர் அவர் மகன். எனவே பாணரின் பகுதி, நூல் என்ற வகையில் அஸமாப்தம். ஆனால் அந்தப் பகுதி முழுவதும் ஏடு குறையாமல் உள்ள பிரதி, சுவடி என்ற வகையில் பூர்ணம். கட்டத்தில் எதை எழுதுகிறோம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். நூலின் நிலை ஒன்று, பிரதியின் நிலை வேறொன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வைப்பதே நல்லது.

சுவடியே கைக்குக் கிடைத்தால் முதல் வேலை ஏடுகளை எண்ணுவது. ஏட்டெண் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும், பெரும்பாலும் இடது ஓரத்தில். பழைய முறையில் பூஜ்யம் கிடையாது. ௰௨ (பத்து, இரண்டு) என்பது 12, ௱௨ (நூறு, இரண்டு) என்பது 102. இதில் தவறினால் இல்லாத ஏடுகள் ‘தொலைந்து’ போகும். கயிறு அறுந்து மறுபடி கோத்த கட்டில் ஏடுகள் இடம் மாறியிருக்கும், ஆகையால் வரிசைப்படுத்திப் பார்க்காமல் குறை என்று எழுதாதீர்கள். கடைசி ஏட்டில் ‘இதி’ என்று தொடங்கும் முடிவுரை இருந்தால் அது நூலின் முடிவா, அத்தியாயத்தின் முடிவா என்று பாருங்கள்.

எண் தொடர்ச்சியாக இருந்தும் பாடம் (ஏட்டில் எழுதியுள்ள நூல் வாசகம்) விட்டுப்போவது உண்டு. மூல ஏடு செல்லரித்திருந்தால், எழுதியவர் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருப்பார். ‘ஏடு முழுமை, பாடம் குறை’ என்று பிரித்துக் குறிக்க வேண்டும். ‘அபூர்ணம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், ‘ஏடு 1–4, 37 இல்லை’ என்று சேர்த்தால்தான் பயன்.

ஊனவிம்சதி:
‘ஊன’ பற்றி: வடமொழியில் அது அடிப்படையில் ஒரு கழித்தல் குறி. ஏகோனவிம்சதி என்றால் இருபதில் ஒன்று குறைய, 19. சிராத்தப் பிரயோகச் (செய்முறைச்) சுவடிகளில் ‘ஊனமாஸிகம்’ என்று வரும். மாதம் நிறையுமுன், 27 முதல் 30ஆம் நாளுக்குள் செய்வது. ஊனாப்திகம் ஆண்டு நிறையுமுன். தமிழில் ஊனம் உடற்குறை என்றே பழகிவிட்டதால் பலர் இதைத் தவறாகப் படிக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ‘அனூனம்’ என்றால் குறைவற்றது, அதாவது நிறைவு.

விகலம் என்பது ஒரு கலை, ஓர் உறுப்பு குறைந்தது. நிஷ்களம் அப்படியல்ல. உறுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லாதது. சைவ நூலில் சிவத்துக்கு அதைச் சொல்லும்போது ‘குறையுடைய’ என்று போட்டால் விபரீதம்.

சுவடிக்கட்டு:
ஒரு தர்க்கச் சுவடிப் பதிவில் ‘ந்யூனம், அதிகம்’ என்று அடுத்தடுத்து இருக்கிறது. இது நிலைக் குறிப்பா?

பதச்சேதம்:
இல்லை, அது உள்ளடக்கம். நியாய சாஸ்திரத்தில் வாதத்தில் தோற்கும் இடங்கள் 22. ந்யூனமும் அதிகமும் அவற்றில் இரண்டு. பிரதிஜ்ஞை (நிறுவ வேண்டிய கூற்று), ஹேது (காரணம்), உதாஹரணம் (எடுத்துக்காட்டு), உபநயம் (அதைப் பொருத்திக் காட்டல்), நிகமனம் (முடிவு) என்ற வாதத்தின் ஐந்து உறுப்புகளில் ஒன்று விட்டுப்போனாலும் ந்யூனம். தேவைக்கு மேல் ஹேதுவோ உதாஹரணமோ அடுக்கினால் அதிகம். பொருளடக்கக் கட்டத்துக்கு மாற்றிவிடுங்கள். நிலைக் கட்டத்தைச் சுவடியைப் பார்க்கும்வரை காலியாக விடுங்கள்.