குன்னூரில் ஜூலையில் அழைப்பு ஸ்னூக்கர் போட்டி: 16 பேரா, 8 பேரா? மழை ஈரத்தை மேஜைத் துணி தாங்குமா?

குன்னூர்_பிரேக்:
எங்கள் கிளப்பில் 12 அடி மேஜை இரண்டு இருக்கிறது. ஜூலை மூன்றாவது வாரம், சனி ஞாயிறு இரண்டே நாளில், அழைப்பு முறையில் ஒரு புரொஃபஷனல் போட்டி நடத்தத் திட்டம். கோவை, சென்னை, பெங்களூரிலிருந்து ஆட்டக்காரர்கள் வருவார்கள். லண்டனில் நடக்கும் மாஸ்டர்ஸ் அழைப்புப் போட்டி மாதிரி 16 பேர், எல்லா ஆட்டமும் பெஸ்ட் ஆஃப் 7 (முதலில் 4 ஃபிரேம் எடுப்பவர் வெற்றி) என்று யோசிக்கிறோம். மழை பிடித்துவிட்டால் மேஜைமேல் இருக்கும் துணி, அதாவது கிளாத், ஊறி, பந்து பாதியிலேயே நின்றுவிடுகிறது. அறையில் கேஸ் ஹீட்டர் வைத்தால் சரியாகுமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

டிராஷீட்:
கணக்கு உதைக்கிறது. ஃபிரேமுக்கு (பந்துகளை அடுக்கி ஆடும் ஒரு முழு ஆட்டம்) 30 நிமிடம் வைத்தால் பெஸ்ட் ஆஃப் 7 முழுதாகப் போக மூன்றரை மணி நேரம். 16 பேர் என்றால் முதல் சுற்றில் மட்டும் 8 ஆட்டம், அதாவது 28 மணி நேரம். இரண்டு மேஜைக்குப் பிரித்தாலும் தலா 14 மணி நேரம். சனிக்கிழமை காலை 9-க்குத் தொடங்கினால் இரவு 11 ஆகும். அதற்குப் பிறகும் 7 ஆட்டம் பாக்கி நிற்கும். மாஸ்டர்ஸில் 16 பேருக்கு 15 ஆட்டம்தான், ஆனால் அவர்கள் 8 நாள் எடுத்துக்கொள்கிறார்கள். இறுதிக்கு முன்புவரை பெஸ்ட் ஆஃப் 11, இறுதி பெஸ்ட் ஆஃப் 19.

8 பேரைக் கூப்பிடுங்கள். சனிக்கிழமை மேஜைக்கு இரண்டு காலிறுதி, 7 மணி நேரத்தில் முடியும். ஞாயிறு காலை இரண்டு அரையிறுதியும் ஒரே நேரத்தில். மாலையில் இறுதி, பெஸ்ட் ஆஃப் 9, நாலரை மணி நேரம். இரண்டாவது ஆட்டத்துக்கு 'இத்தனை மணிக்கு' என்று அச்சடிக்காமல் 'இத்தனை மணிக்கு முன் தொடங்காது' என்று போடுங்கள். முதல் ஆட்டம் 4-0 என்று சீக்கிரம் முடிந்தாலும் வெளியூர்க்காரர் மலையேறி வந்து சேர்ந்திருக்க மாட்டார். வெளிமாவட்ட வண்டிக்கு இ-பாஸ் எடுக்கவும் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

சீடிங் (யாருக்கு எதிராக யார் என்ற வரிசை): நடப்பு சாம்பியன் 1, மற்றவர்கள் தரவரிசைப்படி. 1-8, 4-5 ஒரு பக்கம். 2-7, 3-6 மறுபக்கம்.

பச்சைத்துணி:
கேஸ் ஹீட்டர் வேண்டவே வேண்டாம். கேஸ் எரியும்போது நீராவியும் சேர்ந்து வருகிறது. எந்த ஈரத்தைப் போக்க நினைக்கிறீர்களோ அதையே அறைக்குள் ஊற்றுகிறீர்கள். கரிக் கணப்பு அதைவிட மோசம். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும்.

கோளாறு துணியில் மட்டும் இல்லை, அடியில் இருக்கும் கல்லிலும் இருக்கிறது. ஸ்லேட் கிட்டத்தட்ட 45 மி.மீ. தடிமன், குளிர்ந்துவிட்டால் சூடேற நெடுநேரம் பிடிக்கும். போட்டி நாள் காலையில் மட்டும் அறையைச் சூடாக்கினால் காற்று வெதுவெதுப்பாகும், கல் சில்லென்றே இருக்கும். ஐம்பது பேர் வந்து உட்கார்ந்து மூச்சு விட்டால் அந்த ஈரமெல்லாம் போய்ப் படிவது உங்கள் கிளாத்தில்தான். பெரிய போட்டிகளில் ஸ்லேட்டுக்கு அடியில் மின்சூடாக்கி பொருத்துவது இதற்காகத்தான். அது இல்லையென்றால் வியாழன் காலையிலிருந்தே ஆயில் ஹீட்டரும் ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையரும் இரவு பகலாக ஓடட்டும். 20 டிகிரி, ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம்; ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கி மேஜை உயரத்தில் மாட்டுங்கள். மேகம் இறங்கும்போது ஜன்னலைத் திறக்கவே கூடாது. ஹீட்டரை மேஜைக்கு அடியில் தள்ளாதீர்கள்: ஒரு பக்கம் மட்டும் சூடேறும், மரச்சட்டம் முறுக்கிக்கொள்ளும், தீ அபாயமும் உண்டு. மின்வெட்டு வந்தால் இன்வெர்ட்டர் இந்தச் சுமையைத் தாங்காது, ஜெனரேட்டர் பேசி வையுங்கள்.

அயர்ன் போடும் முறை: முதலில் பிரஷ். 'டி' (ஆட்டம் தொடங்கும் முனையில் வரைந்த அரைவட்டம்) பக்கத்திலிருந்து கறுப்புப் பந்து வைக்கும் பிளாக் பக்கமாக மட்டும், நாப் (துணியின் மெல்லிய இழைகள்) படுத்திருக்கும் திசையில். எதிர்த்திசையில் ஒரு இழுப்புகூடக் கூடாது. பிரஷ் போடாமல் அயர்ன் செய்தால் சாக் தூள் துணிக்குள் பதிந்துவிடும். பிறகு அதே திசையில் நாப் பிளாக், அதாவது இழையைப் படியவைக்கும் துணி சுற்றிய கட்டை. கடைசியில் அயர்ன், மேஜைக்கான கனமான பெட்டி. செய்தித்தாளில் வைத்துப் பாருங்கள்; தாள் பழுப்பானால் சூடு அதிகம். நிற்காமல் ஒரே நீள இழுப்பு, குஷன்மேல் (மேஜை ஓர ரப்பர்) படக்கூடாது. வீட்டு இஸ்திரிப் பெட்டியின் முனை கோடு போட்டுவிடும், தண்ணீர் தெளிப்பது கனவிலும் வேண்டாம். காலையில் ஒருமுறை, இறுதிக்கு முன் ஒருமுறை.

ரசமட்டம்_8:
பழைய பங்களா மரத்தளம் என்றால் மட்டம் பாருங்கள். மேஜை ஒரு டன்னுக்கு மேல் எடை. எட்டுக் காலில் ஒன்று இறங்கினாலும் பந்து மெதுவாகப் போகும்போது வளையும். ரசமட்டம் வைத்தபின் நாலு திசையிலும் மெல்ல உருட்டிப் பாருங்கள். இந்தச் சோதனையை அறையைச் சூடாக்கிய பிறகு செய்யுங்கள், மரம் நகர்ந்திருக்கும்.

பந்துக்கு லேசான சோப்புத் தண்ணீர், பிறகு நன்றாக உலர்ந்த துணி. ஒரே செட்டில் எடை வித்தியாசம் 3 கிராமுக்குள் இருக்க வேண்டும். உடைந்த செட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பந்தைக் கொண்டுவந்து சேர்க்காதீர்கள்.

டிராஷீட்:
ரெஃப்ரி விஷயம் விட்டுப்போச்சு. மிஸ் (அடிக்க வேண்டிய பந்தைத் தொடாமல், போதிய முயற்சியும் இல்லை என்ற தீர்ப்பு) கூப்பிட்டால் பந்துகளைப் பழைய இடத்தில் வைக்க, ஸ்கோர் எழுதும் மார்க்கர் ஒருவர் ஒவ்வொரு சேஃப்டி ஷாட்டுக்கும் (எதிராளிக்கு வாய்ப்பு விடாமல் ஆடும் தற்காப்பு அடி) முன் போனில் படம் எடுக்கட்டும். முழுப் பந்தும் நேராகத் தெரியும்போது தொடர்ந்து மூன்று மிஸ் ஆனால் ஃபிரேம் போய்விடும். இரண்டாவதுக்குப் பிறகு ரெஃப்ரி எச்சரித்தே ஆகணும். ஸ்கோர் சமமானால் பிளாக்கைத் திரும்ப ஸ்பாட்டில் வைத்து டாஸ், வெள்ளை 'டி'-யிலிருந்து. 1975-ல் முதல் மாஸ்டர்ஸ் இறுதியே இப்படித்தான் முடிந்தது, ஜான் ஸ்பென்சர் 9-8 என்று ரே ரியர்டனை வென்றார். 1880-களில் ஊட்டி கிளப்பில் ஸ்னூக்கர் விதிகளை எழுதி மாட்டிய மலை இது, விதியில் தடுமாறினால் நன்றாக இருக்காது.

குன்னூர்_பிரேக்:
8 பேர், வியாழனிலிருந்து சூடு, ஜெனரேட்டர். முடிவு செய்துவிட்டோம். ஆட்டக்காரர்கள் க்யூவை (பந்தடிக்கும் கோல்) காரில் வைத்துக்கொண்டே வரலாமா?

பச்சைத்துணி:
வரலாம், ராத்திரி டிக்கியில் விட வேண்டாம். வெள்ளி மாலையே அறைக்குள் கொண்டுவந்து உறையைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அன்றே அரை மணி நேரம் பயிற்சி கொடுத்தால் குளிர்ந்த குஷன் எப்படித் திருப்பித் தருகிறது என்பதும் அவர்களுக்குப் பிடிபடும்.