ஏற்றத்தில் லாரி அணைந்துபோகிறது, கைப்பம்ப் அடித்தால் ஓடுகிறது – இன்ஜெக்டர்தானா?

ஓசூர்ரோடு_வண்டிக்காரன்:
அண்ணன்மாரே, பொம்மசந்திரா பக்கம் வண்டி நிறுத்துகிறேன். சொந்த வண்டி, 12 சக்கரம், 2018 மாடல் பிஎஸ்4, ஆறு சிலிண்டர் காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து அழுத்தத்தில் டீசல் போகிற வகை). சேலத்துக்குப் போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. லோடு ஏற்றித் திரும்பும்போது கிருஷ்ணகிரி தாண்டி சூளகிரி ஏற்றத்தில் இழுவை குறையும், இரண்டு மூன்று முறை தள்ளாடும், அப்புறம் அணைந்துவிடும். டீசல் லைனில் இருக்கும் கைப்பம்பை முப்பது நாற்பது தடவை அடித்தால் ஸ்டார்ட் ஆகி ஓசூர் வரை வரும். சில நாள் ஒன்றுமே ஆகாது, அதுதான் எரிச்சல். பில்டர் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. ஸ்கேனரில் ரெயில் பிரஷர் (அந்தப் பொதுக் குழாயின் அழுத்தம்) குறைவு என்று பிழைக் கோடு (code) வருகிறது. பட்டறையில் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற ஆறு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள், அவர்கள் சொன்ன தொகை எனக்கு இரண்டு மாத டியூ. போடலாமா?

பீனியா_பம்ப்ரூம்:
போடாதே தம்பி. அந்தக் கோடு ரெயிலில் அழுத்தம் ஏறவில்லை என்று மட்டும்தான் சொல்லும், ஏன் ஏறவில்லை என்று சொல்லாது. லோடில் 1,000 பார் அழுத்தத்துக்கு மேல் அடிக்க வேண்டிய பம்ப், தனக்கு வந்து சேராத டீசலை எப்படி அடிக்கும்? இன்ஜெக்டர் ரிட்டர்ன், அதாவது பீய்ச்சாமல் திரும்பிப் போகிற டீசல், அதிகமாக இருந்தால் சூட்டில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஆனால் கைப்பம்ப் அடித்ததும் சரியாகிற நோய் அது இல்லை. ஆறுக்கும் ரிட்டர்ன் பைப்பில் ஆளுக்கொரு பாட்டில் கட்டி அளந்து பார்த்தார்களா என்று முதலில் கேள். அளக்காமல் மாற்றச் சொன்னால் அது யூகம்.

நீ நாற்பது தடவை அடிக்கிறாய் என்பதுதான் எனக்கு முக்கியமான தகவல். லைனில் டீசல் நிறைந்திருந்தால் சில அடியிலேயே கை இறுகிவிடும். நாற்பது என்றால் காற்று வாங்குகிறது. அடைப்பாக இருந்தால் வேறு மாதிரி: அமுக்கிய பம்ப் மேலே திரும்பி வராமல் இழுத்துப் பிடிக்கும். டேங்கிலிருந்து பீட் பம்ப் (டீசலை இழுத்துப் பெரிய பம்புக்குத் தருகிற சின்ன பம்ப்) வரைக்கும் உறிஞ்சும் பக்கம், அதனால் ஓடும்போது அங்கே ஓட்டை இருந்தாலும் வெளியே டீசல் ஒழுகாது, காற்று உள்ளே போகும். ஒழுகல் இல்லை, எல்லாம் நல்லாயிருக்கு என்று ஏமாறுவது இங்கேதான். பீட் பம்புக்கு முன்னால் ஒரு முழம் கண்ணாடி ஓஸ் (உள்ளே ஓடுவது தெரிகிற குழாய்) போட்டு ஓட்டிப் பார், குமிழ் வந்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று. பழைய பம்ப் வண்டியில் செய்த மாதிரி இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கிற வேலை வேண்டாம். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

கலாசிபாளையம்75:
கிராங்க் சென்சாராகவும் (இன்ஜின் சுற்றுவதைக் கவனிக்கிற சென்சார்) இருக்கலாமே? என் வண்டி சூடு ஏறினால் அணையும், அரை மணி நேரம் ஆறவிட்டால் ஓடும்.

பீனியா_பம்ப்ரூம்:
சென்சார் போனால் சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி பட்டென்று நிற்கும், செல்ப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் அசையாது. இவருக்குத் தள்ளாடி அணைகிறது, அது டீசல் பட்டினி.

நாமக்கல்லான்:
நிற்கும்போது டேங்க் மூடியைத் திறங்க. புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் பிரீத்தர் (டேங்குக்குள் காற்று போகிற துளை) அடைத்திருக்கிறது, காசில்லாத வைத்தியம். அது இல்லையென்றால் ஒரு கேள்வி: அணைகிற நேரத்தில் டேங்கில் எவ்வளவு இருக்கும்?

ஓசூர்ரோடு_வண்டிக்காரன்:
மூடி திறந்தேன், சத்தம் எதுவும் இல்லை. டீசல் போகும்போது அத்திப்பள்ளியில் நிரப்புவோம், திரும்பும்போது பாதிக்குக் கீழேதான் இருக்கும்... ஒன்றுமே ஆகாத நாட்களில் சேலத்திலும் போட்டிருக்கிறோம், இப்போதுதான் உறைக்கிறது.

நாமக்கல்லான்:
அப்போ லோடையும் ஏற்றத்தையும் கொஞ்சம் மறங்க. உங்களுக்கு லோடு, ஏற்றம், பாதி டேங்க் மூன்றும் எப்போதும் ஒன்றாகவே வருகிறது, அதனால் எது குற்றவாளி என்று தெரியவில்லை. அடுத்த டிரிப்பில் கிருஷ்ணகிரியில் டேங்கை நிரப்பிவிட்டு அதே லோடோடு ஏறுங்க. நின்றால் நான் சொல்வது தப்பு. நிற்கவில்லை என்றால் டேங்குக்குள் இறங்குகிற உறிஞ்சு குழாயைக் கழற்றுங்க. மேல்பக்கம் விரிசல் இருந்தால் டீசலுக்குள் முங்கியிருக்கும்வரை தெரியாது, மட்டம் இறங்கியதும் காற்று வாங்கும். ஏற்றத்தில் டீசல் டேங்கின் பின்பக்கம் ஒதுங்குவதால் இன்னும் சீக்கிரம் வெளியே தெரியும்.

ஓசூர்ரோடு_வண்டிக்காரன்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நிரப்பிக்கொண்டு ஏறினேன், சூளகிரியில் மூச்சே விடாமல் ஏறியது. அடுத்த டிரிப்பில் வேண்டுமென்றே பாதி டேங்கோடு கண்ணாடி ஓஸ் போட்டு வந்தேன், சோடா மாதிரி குமிழ். குழாயைக் கழற்றினால் பற்றவைத்த இடத்துக்குக் கீழே மயிரிழை விரிசல், ஒரு முனையை விரலால் மூடி மறுமுனையில் ஊதியபோதுதான் தெரிந்தது. குழாயை மாற்றி, பேஞ்சோ போல்டுக்கு (டீசல் பைப்பை இணைக்கிற துளை போட்ட போல்ட்) புது காப்பர் வாஷர் போட்டேன். நான்கு டிரிப் ஆகிவிட்டது, கால் டேங்கிலும் நிற்கவில்லை. பட்டறைக்காரர் மட்டும் போன் போட்டு இன்ஜெக்டர் எப்போது என்று இன்னும் கேட்கிறார்.

கலாசிபாளையம்75:
என் வண்டிக்கு முள்ளைப் பார்த்தேன் அண்ணே, அசையவே இல்லை. சென்சார் வாங்கப் போகிறேன்.

பீனியா_பம்ப்ரூம்:
முதலில் கனெக்டரைக் கழற்றித் துடைத்து, ஒயர் எங்காவது உரசியிருக்கிறதா பார். அப்புறம் வாங்கு.