ஊர் பொட்டல்ல மரம் நடப்போறோம், ஒருத்தர் மட்டும் வேண்டாங்காரு. எது சரி?

மானூர்_தம்பி:
அண்ணாச்சிமாரே ஒரு டவுட்டு. எங்க ஊருக்கு மேக்க பெரிய பொட்டல் கெடக்கு, ரெக்கார்டுல தரிசுன்னுதான் இருக்கு, ஐப்பசி மழைக்குப் பெறவு புல்லு முட்டளவு நிக்கும், பங்குனி சித்திரைல எல்லாம் கருகி வெறும் மண்ணா ஆயிரும். எங்க பசங்க குரூப்புல அதை ஜேசிபி வெச்சு வழிச்சுட்டு முழுசா மரக்கன்னு நட்டு காடாக்கிரணும்னு முடிவாயிட்டு, ஸ்பான்சரும் கெடைச்சிட்டு. இப்ப பாத்து பறவை போட்டோ எடுக்க வர்ற ஒரு அண்ணன், அங்க மரம் நடாதீங்க, அது தனி பயோம், கெட்டுப்போயிரும்ங்காரு. பயோம்னா அமேசான், சகாரா, தூந்திரான்னுதான ஸ்கூல்ல படிச்சோம், நம்ம ஆட்டுப் பொட்டல் எப்ப அந்த லிஸ்ட்ல சேந்துச்சு? மரம் வேண்டாம்னு சொல்ற மனுசனை இப்பத்தான் பாக்கேன்.

பொதிகைக்_காத்து:
அவரு சொல்றதுல விஷயம் இருக்கு தம்பி. எம்புட்டு மழை, எந்த மாசம், என்ன சூடு, என்ன மண்ணு, இதை வெச்சு ஒரு இடத்துல தானா எது மொளைக்குமோ, அதை நம்பி எது வாழுமோ, அம்புட்டும் சேந்ததுதான் பயோம். மேக்க மலைல காரையாறுல பஸ் ஏறி கடற்கரைல திருச்செந்தூர்ல இறங்குங்க, ஒரே நாள்ல நாலஞ்சு பாத்துரலாம். மேல களக்காடு முண்டந்துறை, 1988ல தமிழ்நாட்டுக்கே முதல் புலிகள் காப்பகம், சிங்கவால் குரங்கு வாழ்ற மழைக்காடு. தென்மேற்கு மழைல பெரும்பங்கை மலையே வாங்கிக்கிடும், குத்தாலம் தென்காசிக்கு சாரல், உங்க மானூருக்கு வெறும் காத்துதான், அதான் கயத்தாறு பூரா காத்தாடியா நிக்கி. ஐப்பசி கார்த்திகை மழையை மட்டும் நம்பி இருக்க இடத்துல புல்லும் முள்ளும்தான் இயற்கை. புல்லு நிக்க இடமெல்லாம் அழிஞ்ச காடுன்னு நெனச்சுரக்கூடாது. புல்லு நடுவுல அங்கொண்ணும் இங்கொண்ணுமா மரம் நிக்கிற ஆப்பிரிக்கா சவானாவும் இந்தக் கணக்குதான். அமேசான் எரிஞ்சா உலகமே கத்துது, பிரேசில்லயே செராடோன்னு பெரிய சவானா இருக்கு, அதுல பாதிக்குக் கிட்ட சோயாவுக்கும் மாட்டுக்கும் போயிட்டு, கேக்க நாதியில்ல.

அப்புறம் அந்த அண்ணன் எதை போட்டோ எடுக்க வாராருன்னு கேட்டியளா? பூனைப்பருந்தா இருக்கும். குளிர் காலத்துக்கு கஜகஸ்தான் பக்கத்துலேருந்து வருது. மத்த பருந்து மாதிரி மரத்துல தங்காது, பொழுது சாயுற நேரம் ஒவ்வொண்ணா வந்து தாழப் பறந்து வட்டம் போட்டு, கூட்டமா புல்லுக்குள்ள தரைலயே படுத்துக்கிடும். காலைல அந்த இடத்துல அது கக்கிப் போட்ட உருண்டை கெடக்கும், பிச்சுப் பாத்தா வெட்டுக்கிளி காலா இருக்கும். உங்க உளுந்தையும் பாசிப்பயறையும் திங்கிற வெட்டுக்கிளிதான்வே அது. நீங்க ஜேசிபி விட்டு வழிச்சா அதுக்கு படுக்க எடம் இல்ல. அங்க கஜகஸ்தான்லயும் 1954லேருந்து சோவியத் அரசாங்கம் புல்வெளியை சும்மா கெடக்க நிலம்னு கோடிக்கணக்கான ஏக்கர் உழுது கோதுமை போட்டுச்சு, பத்து வருசத்துக்குள்ளயே மேல்மண்ணு புழுதியா பறந்துச்சு.

தேரிக்காட்டான்:
நான் சாத்தான்குளம் பக்கம். மரம் நட்டா நல்லதுதானன்னு சொல்லித்தான் சீமை உடையையும், அதான் சீமைக் கருவேலத்தையும், கொண்டாந்தாவ. அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, ஆடு காயைத் தின்னுட்டு போற எடமெல்லாம் வெதைச்சு, இப்ப குளத்துக்குள்ளயும் அதான், ஓடைக்குள்ளயும் அதான். ஹைகோர்ட்டே எடுக்கச் சொல்லியும் தீரல. தென்னாப்பிரிக்காவுல கேப்டவுன் மலைல ஃபின்போஸ்னு குட்டைப் புதர்க்காடு, அங்க வெளிநாட்டு பைனும் வேலமும் பரவி ஆத்துத் தண்ணியை உறிஞ்சுதுன்னு 1995லேருந்து அரசாங்கமே காசு கொடுத்து மரத்தை வெட்டுது. மரம் வெட்டுனா தண்ணி வரும்னு நம்ம ஊர்ல சொல்லிப் பாருங்க, அடிக்க வருவாவ.

எங்க தேரியையும் பாலைவனம்னு சிரிப்பாங்க. ஆடி காத்துல செம்மணல் எடம் மாறி நகரும், பனையும் குடை மாதிரி விரிஞ்ச நாட்டு உடையும்தான் பிடிச்சு நிறுத்தும். கழுத்துல விசிறி விரிக்கிற ஒரு குட்டி ஓணான் உண்டு, தென் தமிழ்நாட்டுல கெடைக்கிற அந்த வகைல ஒண்ணை 2016லதான் புது இனம்னு பதிவு பண்ணி மருதம்நெய்தல்னே சயின்ஸ்ல பேரு வெச்சிருக்காவ. கடலுக்குள்ளயும் இதே கூத்துதான். சுண்ணாம்புக்குன்னு பவளப்பாறையை வெட்டி வெட்டி மன்னார் வளைகுடாவுல ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயிட்டு, அப்புறம்தான் அது அலையைத் தடுக்கிற சுவர்னு புத்தி வந்துச்சு.

டவுன்_தேரடி:
எல்லாம் சரிவே, ஆனா நீங்க பேசுறதைப் பாத்தா மரம்தான் வில்லன் போல. மேயில டவுனுக்குள்ள ஒரு ரவுண்டு நடந்து பாருங்க நெழலோட அருமை தெரியும். பொட்டலை சும்மா விட்டா அது பருந்துக்கா போவும்? இன்னைக்கு தரிசுன்னு எழுதுவான், நாளைக்கு சோலார் பேனல், மறுநாள் குவாரி, இல்லேன்னா மஞ்சக் கல்லு ஊணி பிளாட்டு. மரம் நட்டா ஊர்க்காரன் இது நம்மளதுன்னு காவல் காப்பான், அதுக்காச்சும் நடட்டும்.

பொதிகைக்_காத்து:
இது ஞாயமான பயம், நானும் ஒத்துக்கிடுதேன். ஆனா காவல் காக்க மரம்தான் வேணும்னு இல்லியே. கங்கைகொண்டான்ல 2013ல புள்ளிமான் சரணாலயம் அறிவிச்சாங்க, முந்நூறு ஹெக்டேர் கூட வராது, முள்ளுக்காடுதான். கூந்தன்குளத்தைப் பாருங்க, பறவை பயப்படும்னு தீபாவளிக்கு வெடி போடாத ஊரு, எச்சம் கலந்த குளத்துத் தண்ணி வயலுக்கு உரம்னு அவியளுக்கு எப்பவோ தெரியும், 2022ல ராம்சர் தளமாவும், அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலமாவும், ஆயிட்டு. அதே வருசம் மாண்ட்ரியல்ல 2030க்குள்ள நிலம் கடல் ரெண்டுலயும் 30 சதவீதம் பாதுகாக்கணும்னு உலக நாடுங்க ஒப்பந்தம் போட்டுச்சு. அந்தக் கணக்குல பச்சையா தெரியுற மலையை மட்டும் சேத்துட்டு பொட்டலை விட்டுட்டா என்னத்துக்கு ஆச்சு?

கிடைக்காரன்_மகன்:
ஒரே விஷயம் கேக்கேன், அந்த குரூப்புல ஆடு வெச்சிருக்கவன் எவனாச்சும் இருக்கானா? எங்கப்பாவுக்கு கொழுக்கட்டைப் புல்லு எங்க நிக்கும், எந்த மாசம் கதிர் விடும்னு அத்துப்படி. ஆடு அங்க மேஞ்சாத்தான் அறுப்பு முடிஞ்ச வயக்காட்டுல ராத்திரி அடைச்சு கிடை போட முடியும், புழுக்கை உரத்துக்காக வயக்காரங்களே காசு கொடுத்து கூப்பிடுவாவ. வேலி போட்டு கன்னு வெச்சா நாங்க எங்க போவ?

மானூர்_தம்பி:
நியாயம்தான், ஆட்டுக்காரங்க யார்ட்டயும் நாங்க கேக்கல. திரெட்டை குரூப்புல போட்டேன், ரெண்டு பேரு லெஃப்ட் ஆயிட்டான். ஸ்பான்சர் கன்னை பள்ளிக்கூடத்துலயும் ரோட்டோரத்துலயும் வைக்கலாம், குளத்தங்கரைக்கு பனங்கொட்டைன்னு இப்ப பேச்சு ஓடுது. பொட்டல்ல பரவுற சீமை உடையை மட்டும் எடுக்கணும்னா யார்ட்ட கேக்கணும்? அந்தப் பருந்து எப்ப வரும்?

பொதிகைக்_காத்து:
பஞ்சாயத்துல எழுதிக் கொடுங்க, விஏஓவுக்கும் ஒரு காப்பி. சீமை உடையை மேலாக்க வெட்டுனா மறுபடி தழைக்கும், தூரோட எடுக்கணும், நாட்டு உடையை சேத்து வெட்டிராதீங்க. பனங்கொட்டை ஆவணிலேருந்து பொறுக்குனா மழைக்கு முன்னாடி ஊணிரலாம். பருந்து ஐப்பசி கார்த்திகைக்கு வந்துரும், பங்குனி வரை இருக்கும். சாயங்காலம் போங்க, பைக்கை தூரத்துலயே நிப்பாட்டிருங்க, நாயைக் கூட்டிட்டுப் போவாதீங்க.